விடுங்க, புடிச்சிரும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அவர் கண்ணில் படக்கூடாது. பழுதான வண்டி என்றால் பயமில்லை, பழுதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிடுவார். ஒரு குறையும் இல்லாத வண்டிதான் அவர் கையில் அகப்பட்டுக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு நோயாளியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்து, "பாவம், மூச்சு முட்டுது" என்பார்.

ராகலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் அடித்த கொட்டகை ஒன்றில் அவருடைய கராஜ் இருந்தது. கைத்தொழில் தெரிந்தவர்களை இங்கே சிங்களவரும் தமிழரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அவரும் ஊருக்கெல்லாம் பாஸ். நான் மட்டும் அண்ணே என்பேன். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில், எனக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கிறீஸ் கையோடு நின்று, "அதனால என்ன, நான் இருக்கேன் தங்கச்சி" என்றார். புது ஊரில், புது வீட்டில், எதைச் செய்தாலும் சரியா தப்பா என்று குழம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. அதைத்தான் நான் முதலில் விரும்பினேன்.

சித்திரைச் சீசனில் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கார்ப் பந்தயம் வைப்பார்கள். மலைப்பாதையின் அடியிலிருந்து ஒவ்வொரு காராகக் கிளம்ப வேண்டும். யார் சீக்கிரம் உச்சிக்கு ஏறுகிறாரோ அவருக்குக் கப். அந்தப் பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்ய ஒரு துரை பாஸிடம் வருவார். மாசி பிறந்தால் கராஜில் அரம் தேய்க்கும் சத்தம் ஆரம்பமாகிவிடும்.

அவர் செய்வது என்னவென்று எங்கள் அடுப்படி வாசலில் நின்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். எஞ்சினுக்கு மேலே தலை மாதிரி ஒரு இரும்புக்கட்டி இருக்கிறது. அதை ஹெட்டு என்பார்கள். எஞ்சினுக்குள் காற்று போவதும் புகை வருவதும் அதிலுள்ள துளைகள் வழியாகத்தான். அந்தத் துளைகளின் உட்புறம் வார்ப்பில் வந்தபடி சொரசொரப்பாக இருக்கும். குழாய் வந்து சேரும் இடத்தில் விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டாமல் படிபோல நிற்கும். பாஸ் அதையெல்லாம் அரத்தால் தேய்த்து, அகலமாக்கி, பிறகு எமரித்தாளால் வழவழப்பாக்குவார். குழாயின் விளிம்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, நான் கூட்டி வைத்திருந்த கண்மையைக் கேட்டு வாங்கிப் போவார். குழாயின் முகத்தில் மையைத் தடவி ஹெட்டில் வைத்து அழுத்துவார். தேய்த்துப் பளபளத்த இரும்பில் கறுப்பாக வளையம் விழும். அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி தேய்ப்பார்.

"தலைய மட்டும் தொறந்து விட்டா போதாது தங்கச்சி. உள்ள ஒரு தண்டு சுத்துது, கேம் சாப்ட்டு. கதவ எப்பத் தொறக்கணும், எம்புட்டு நேரம் தொறந்து வைக்கணும்னு அதுதான் சொல்லும். வாசல் பெருசு, ஆனா கதவு சட்டுன்னு சாத்திக்குது, அப்ப என்ன பிரயோசனம்? தலைக்கும் தண்டுக்கும் பொருத்தம் பாக்கணும். ஜாதகம் பாக்கிற மாதிரி."

ஜாதகம் பார்த்துத்தான் அவருக்கும் கல்யாணம் நடந்ததாம். நான் வருவதற்கு முன்பே அவர் மனைவி, அந்த அக்கா, அவரை விட்டுப் போய்விட்டார். தையல் மெசினால் வந்த சண்டை என்று கடைத்தெருவில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த அக்கா தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். நன்றாகத் தைத்துக்கொண்டிருந்த மெசினை ஒருநாள் பாஸ் பிரித்து, சக்கரத்தை மாற்றி, வேகமாக ஓடும்படி செய்துவிட்டார். காலை வைத்தால் மெசின் பறந்தது. துணியும் கிழிந்தது. பழையபடி ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டு அலுத்து, அந்த அக்கா மெசினை அங்கேயே போட்டுவிட்டு அப்புத்தளையில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அதைப் பற்றி பாஸிடம் யாராவது கேட்டால் வருத்தமே இல்லாமல், "மெசின்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கு ஓட்டத் தெரியல" என்பார்.

துரையைப் பற்றியும் அதையேதான் சொன்னார். ஒரு வருஷம் அந்தத் துரைக்குக் கப் கிடைத்தது. உச்சியில் கூடாரம் போட்டுத் துரைமாரும் துரைசானிமாரும் குடித்துக் கொண்டாடியபோது, பாஸ் அடிவாரத்தில் ஸ்பேனர் பையோடு மழையில் நின்றிருக்கிறார். மேலே வரச்சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தவரிடம் என் வீட்டுக்காரர் ஆத்திரப்பட்டார்.

"ஒங்க கையால ஜெயிச்சவன், ஒரு வார்த்த மேல வான்னு சொல்லலியா பாஸ்?"

"அத விடுங்க மச்சான். மூணாவது வளைவுல அவசரப்பட்டு கியர மாத்திட்டான். எஞ்சின் பாடிக்கிட்டு இருக்கு, பாட்ட நிப்பாட்டிட்டான். அவனுக்கு ஓட்டத் தெரியல. எப்படியோ கப்ப குடுத்துட்டானுக."

அவமானம்கூட அவருக்கு உறைக்கவில்லையே என்று நான் பரிதாபப்பட்டேன். உறைக்காதது அவமானம் மட்டுமல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஹையர் கார் ஓட்டினார். துரையின் பந்தயக் கார் எந்த மாதிரியோ அதே மாதிரிதான் எங்கள் காரும், வயதுதான் அதிகம். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவது, நோயாளியைக் கொண்டு வருவது, யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களை அதன் அடிவாரத்து நல்லதண்ணியில் கொண்டுபோய் விடுவது, இதுதான் அதன் பிழைப்பு. எங்கள் பிழைப்பும் அதுதான். மெதுவாகப் போகும், ஆனால் எந்த மேட்டிலும் நின்றதில்லை.

அந்தத் துரை தோட்டத்தை விட்டு இங்கிலாந்துக்குப் போகும்போது, பந்தயக் காருக்கென்று வைத்திருந்த கேம் சாப்ட் ஒன்றை பாஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுவாரம் எங்கள் காரின் ஹெட்டு அவர் மேசை மேல் இருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராகலையில் பந்தயக் கார் வைத்திருக்கும் ஒரே தமிழன் தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ சும்மா இரு புள்ள, ஒனக்குப் பயந்தே பழக்கம்" என்றார். பயப்படுவது என் வழக்கம்தான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் என் மகள் கமலாவின் பால்போத்தலைக் காணவில்லை. அவளுக்கு அப்போது சில மாதம்தான். என் பால் போதவில்லை என்று மருத்துவிச்சி சொல்லி, அளவுக்கோடு போட்ட கண்ணாடிப் போத்தல் ஒன்று வாங்கியிருந்தோம். தேடிக்கொண்டு கராஜுக்குப் போனால், பாஸ் அதில் மண்ணெண்ணெய் நிரப்பி, ஹெட்டிலுள்ள குழிகளில் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது பிள்ளையோட போத்தல்!"

"கோடு போட்டிருக்குல்ல தங்கச்சி. நாலு குழியும் ஒரே அளவு புடிக்கணும். ஒரு சொட்டு கூடக்குறைய இருந்தா ஒண்ணு இழுக்கும், ஒண்ணு இழுக்காது. கழுவித் தர்றேன்."

கழுவித்தான் தந்தார். சவுக்காரம் போட்டு, கொதிக்க வைத்து, முகர்ந்து பார்த்துத்தான் தந்தார். எனக்கு வாசனை போகவில்லை. வாசனை உண்மையிலேயே இருந்ததா, என் மனதில்தான் இருந்ததா என்று நிச்சயமில்லாமல் இரண்டு முறை பாலைக் கரைத்து இரண்டு முறையும் கொட்டினேன். கடைசியில் போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டுக் கரண்டியால் புகட்டினேன். ஒரு சொட்டு வித்தியாசத்தைப் பார்க்கிற மனிதருக்கு, அது குழந்தையின் போத்தல் என்பது ஏன் பெரிதாகத் தெரியவில்லை?

தேய்த்த ஹெட்டும் புதுத் தண்டும் பூட்டிய பிறகு கார் மாறித்தான் போயிற்று. நின்ற இடத்தில் ஓடவிட்டால் இருமிக்கொண்டு குலுங்கும். ஆனால் நேர்ச்சாலையில் மிதித்தால், ஒரு கட்டத்துக்குமேல் வீறிட்டுக்கொண்டு பறக்கும். அந்தக் கட்டம் வருவதற்குள்தான் கஷ்டம். ஆள் நிறைய ஏற்றி, ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் ஊராது, திணறி நின்றுவிடும். நல்லதண்ணிப் பயணத்தில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. "மலைய நாங்க ஏறிக்கிறோம், மொதல்ல ஒங்க கார யாராச்சும் ஏத்துங்கய்யா" என்று ஒரு கிழவர் சொன்னாராம். என் வீட்டுக்காரர் அதைச் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார். பாஸ் சிரிக்கவில்லை. "ரேஸ் குடுத்துத் தூக்கணும் மச்சான். மிதிக்கப் பயந்தா எப்படி?" என்றார்.

கமலாவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. ஐப்பசி மழை. சளி என்றுதான் நினைத்தேன். ஓமம் வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சை இழுக்கத் தொடங்கினாள். தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பார்த்து, "இங்க வச்சிருக்காதீங்க, நுவரெலியாவுக்குக் கொண்டு போங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு சாவுக்காக பஸ்ஸில் கண்டிக்குப் போயிருந்தார். கார் வாசலில் நின்றது. நான் கூப்பிடுவதற்கு முன்பே பாஸ் ஓடிவந்து ஏறி உட்கார்ந்தார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

கந்தப்பளைக்கு ஏறுகிற பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. எதிரே தேயிலைப் பெட்டி லொறி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட மேட்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. லொறி போன பிறகு கார் எழும்பவில்லை. மெதுவாக மிதித்தால் இருமி அணைந்தது. பலமாக மிதித்தால் சக்கரம் சேற்றில் சுழன்றது. பின்னால் உருளவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. மடியில் கமலாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, பிள்ளைய பாருங்கண்ணே."

"விடுங்க தங்கச்சி, புடிச்சிரும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு கோவா லொறி வந்தது. எங்கள் கடைத்தெருவிலிருந்து கோவா என்கிற முட்டைக்கோசும் மற்ற மரக்கறியும் ஏற்றிப் போகும் பழைய லொறி. நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்காமல் வந்தது. எங்கள் பக்கத்தில் வந்ததும் டிரைவர் தலையை நீட்டி, "பிள்ளைக்குச் சொகமில்லையா? ஏறுங்கம்மா, மெதுவா போனாலும் நிக்காம போவேன்" என்றார். நான் கதவில் கை வைத்தேன். வாய் திறப்பதற்குள் பாஸ் கையை வெளியே நீட்டி, போ போ என்று காட்டிவிட்டார்.

"அந்தக் கட்டவண்டியிலயா? நான் பின்னால வந்து ஒன்னய தாண்டிப் போறேன் பாரு."

லொறி எங்களைக் கடந்து, வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்ததை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் எத்தனை தடவை உருட்டினாரோ. கடைசியில் ஒரு கல்லில் சக்கரம் பிடித்துக் கார் எகிறியது. வளைவைத் தாண்டியதும் சத்தம் மாறியது. இருமல் நின்று, வீறிடல் தொடங்கியது. பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா தங்கச்சி? இப்ப பாடுது."

என் மகள் இழுக்கிற மூச்சைத் தவிர எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. கந்தப்பளை தாண்டிய நேர்ச்சாலையில் கோவா லொறியைப் பிடித்தோம். தாண்டும்போது ஹார்ன் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் கமலாவைக் காப்பாற்றிவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம்" என்று டாக்டர் சொன்னார். கண்டியிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு பாஸின் கையைப் பிடித்து அழுதார். அதே வார்த்தையை நானும்தான் கேட்டேன். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. வளைவில் நின்ற நேரத்தைப் பற்றிச் சொன்னேன். கைகாட்டி அனுப்பிய லொறியைப் பற்றியும் சொன்னேன். "அந்த லொறிய நீங்க தாண்டிப் போனீங்களா இல்லியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தாண்டித்தான் போனோம். வளைவில் இழந்தது அதிகமா, நேர்ச்சாலையில் மீட்டது அதிகமா? அன்றிலிருந்து எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பழைய காராக இருந்திருந்தால் அந்த வளைவில் நின்றிருக்காது. அது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்.

தேத்தண்ணிக்கடையில் பாஸ் அந்தக் கதையைச் சொல்வார். கதையில் வளைவு வராது. லொறியைத் தாண்டிய இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். "அந்தப் பிள்ளைய காப்பாத்துனது என் ஹெட்டு" என்று முடிப்பார். நான் கடைக்குப் போகும்போது பெண்கள் என்னை நிறுத்தி, "ஒங்களுக்கு அண்ணன் மாதிரி வாய்ச்சாரே" என்பார்கள். ஆமாம் என்பேன்.

ஒருநாள் துணிந்து கராஜுக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, அந்தத் தண்ட எடுத்துட்டு பழசையே போட்டுத் தந்துருங்களேன்." பழைய தண்டு எங்கேயும் போய்விடவில்லை. கராஜ் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அண்டை கொடுத்திருந்தது. எங்கள் கண் முன்னால்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, புரியாத குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தண்ட மாத்தலாம் தங்கச்சி. தலைய என்ன பண்ணுவீங்க? தேச்சது தேச்சதுதான், இரும்பத் திருப்பி ஒட்ட முடியாது. அந்தத் தலைக்கு இந்தத் தண்ட போட்டா பொருத்தம் கெட்டுப் போயிரும். அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பொருத்தம் கெடுவது அவருக்கு உண்மையிலேயே பாவம்தான். கார் எந்த ரோட்டில் ஓடுகிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பொருத்தத்தில் சேரவில்லை.

கமலாவுக்கு மூன்றாம் வயதில் காது குத்தினோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் ஒன்றுவிட்ட உறவில் யாரையாவது கூப்பிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைக் கேட்கவே இல்லை. "உசுரக் குடுத்தவர் இருக்கும்போது வேற யாரு?" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பாஸ் வேட்டி சட்டையோடு, தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடை, தேங்காய், பழம் எல்லாம் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். நகத்துக் கறுப்பு போக எதையோ போட்டுத் தேய்த்து விரலெல்லாம் சிவந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது.

மடியில் உட்காரவைத்து, தலையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். கமலா ஓவென்று அழுதாள். அழுத அழுகை அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நிறம் மாறுவதை நான் பார்த்தேன். பெண்கள் முகத்தில் ஊதச் சொன்னார்கள், தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். பாஸ் அவள் நெஞ்சில் காதை வைத்துச் சாய்ந்தார். சிரித்தார்.

"விடுங்க, புடிச்சிரும்."

அந்த நொடியில் அவள் மூச்சை இழுத்து வீறிட்டாள். கூட்டம் சிரித்தது. "சொன்னேன்ல? பாடுது பாருங்க" என்றார்.

நான் போய்ப் பிள்ளையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"ஏய், என்ன புள்ள இது? இன்னொரு காது இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் மடியில வச்சு குத்துங்க."

"மாமன் மடியில இருந்து எந்திரிக்கக் கூடாதும்மா" என்று ஆசாரி தயங்கினார்.

"அவளுக்கு மாமன் இல்ல" என்றேன்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஆசாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மடியில் கமலா உதறிக்கொண்டிருந்தாள். நான் பிடித்த பிடியில் அவள் தலை நிலையாக நிற்கவில்லை. ஆசாரி எப்படியோ இடது காதைக் குத்தி முடித்தார். பாஸ் அதுவரை எழுந்திருக்காமல் அதே மணையில், மடி வெறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

"பிள்ளையில ஒண்ணும் இல்ல மச்சான். தங்கச்சிக்குப் பிள்ள வளக்கத் தெரியல."

கொஞ்ச காலத்தில் அவர் கராஜைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே பந்தயக் கார்கள் நிறைய என்று சொன்னாராம். எங்கள் காரை வாங்க வந்தவன் மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனான். என் வீட்டுக்காரர் இப்போது மற்றவர் லொறியில் டிரைவர். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசுவதில்லை, பாஸைப் பற்றி நானும் பேசுவதில்லை. நான் செய்தது சரிதான் என்று சில நாள் தோன்றும். சில நாள், பட்டுப்பாவாடைத் தாம்பாளத்தோடு வந்த அந்தச் சிவந்த விரல்கள் நினைவுக்கு வரும்.

கமலா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மேடு ஏறினால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. காலையில் தலைவாரித் தோடு போட்டுவிடும்போது, இடது காதுத் துளை வலதைவிடச் சற்றுக் கீழே இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலையை இலேசாக ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். அப்போது இரண்டு தோடும் சமமாகத் தெரியும்.